பார்த்துக்கிறவங்களை யார் பார்த்துக்கிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "கொரோனா காலமும் முதியோர் பராமரிப்பும்". சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பத்தியெல்லாம் என்னை விட நல்லா பேசறவங்க இங்கே இருக்காங்க. நான் பேசப் போறது, நம்ம தீர்மானப் புத்தகத்தில் இதுவரைக்கும் தனியா ஒரு பக்கம் கிடைக்காத வேலையைப் பத்தி. வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை.

நான் பத்து வருஷத்துக்கு மேலா இந்த வேலைதான் செய்யறேனுங்க. ஊருக்குள்ள "ஹோம் நர்ஸ்"னு சொல்லுவாங்க. நர்ஸ் படிப்பு நான் படிக்கலை. குளிப்பாட்டி விடறது, சாப்பாடு ஊட்டறது, டயப்பர் மாத்தறது, நேரத்துக்கு மாத்திரை கொடுக்கிறது, படுக்கையில் புண்ணு வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடறது, ராத்திரி கூப்பிட்டா எழுந்து போறது. இதுதான் வேலை.

நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் இந்த வேலைக்கு ஆள் தேவை அதிகம். தண்ணி நல்லா இருக்கு, வெயில் அவ்வளவு இல்லை, பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே இருக்கு என்று வெளியூர்க்காரங்களும் ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து தங்கறாங்க. வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் ரோட்டுப் பக்கமெல்லாம் வயசானவங்களுக்கு என்றே குடியிருப்புகள் வந்துருச்சு. கிராமத்துப் பக்கம் போனா, மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில், தோட்டத்துச் சாளையில் அப்பாரும் அப்பத்தாளும் மட்டும். அங்கேயும் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் பெரும்பாலும் நம்ம குழுவிலிருந்து போற ஒரு பொம்பளைதான்.

சம்பளத்துக்குப் போறவங்க மட்டும்தான் பராமரிப்பாளர்னு நினைக்காதீங்க. மாமியாருக்கு வாதம் வந்து படுத்த படுக்கையா இருந்தா, அவங்களைப் பார்த்துக்கிற மருமகளும் அதே வேலையைத்தான் செய்யறா. சம்பளம் இல்லை, லீவு இல்லை, பேரும் இல்லை. எங்க குழுவில் 12 பேர். கொரோனா வந்தப்ப எண்ணிப் பார்த்தோம். மூணு பேர் வெளியே போய் பெரியவங்களைப் பார்த்துக்கிறவங்க. நாலு பேர் சொந்த வீட்டிலேயே நடக்க முடியாத ஒருத்தரைப் பார்த்துக்கிறவங்க. பன்னெண்டில் ஏழு. அதுவரைக்கும் நாங்க யாரும் அப்படி எண்ணினதே இல்லைங்க.

பட்டியலில் இல்லாத ஆள்

2020 மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டில் 144 தடை போட்டாங்க. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் நின்னு போச்சு. நான் வேலை செஞ்ச இடத்தில், "உள்ளேயே தங்கறதா இருந்தா தங்கு, வீட்டுக்குப் போனா திரும்பி வராதே" என்று சொல்லிட்டாங்க. இடத்தின் பேர் வேண்டாமுங்க. அவங்க பயமும் நியாயமானதுதான். உள்ளே இருக்கிறவங்க எல்லாம் எழுபது, எண்பது வயசு. ஆனா என் வீட்டில் ரெண்டு பிள்ளைங்க. என் அம்மாகிட்ட விட்டுட்டு 40 நாள் அங்கேயே இருந்தேன். என் சின்னவன் தினமும் போனில் "எப்பம்மா வருவே?"ம்பான். கூட வேலை செஞ்சவங்களில் தங்க முடியாதுன்னு போனவங்களுக்கு அந்த மாசத்துச் சம்பளம் பாதியோட நின்னு போச்சு.

அந்த மார்ச் மாசக் கடைசியில், கொரோனாப் பணியில் இருக்கிற சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு அறிவிச்சுது. ரொம்ப நல்ல விஷயம். டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர், கிராம சுகாதாரப் பணியாளர் எல்லாரும் அதில் உண்டு. ஒரு வீட்டில் படுத்த படுக்கையா இருக்கிற பெரியவரைப் பார்த்துக்கிற பொம்பளை அதில் இல்லை.

2021 ஜனவரி 16-ந்தேதி தடுப்பூசி ஆரம்பிச்சாங்க. முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்கு, அப்புறம் போலீஸ் மாதிரி முன்களப் பணியாளர்களுக்கு. மார்ச் 1 முதல் 60 வயசுக்கு மேலே. ஏப்ரல் 1 முதல் 45-க்கு மேலே. மே 1 முதல் 18-க்கு மேலே. நான் பார்த்துக்கிட்ட அம்மாவுக்கு மார்ச்சிலேயே ஊசி போட்டாச்சு. அவங்களைத் தொட்டுத் தூக்கற எனக்கு, வயசு வரிசை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

மத்த நாட்டில் எப்படின்னு பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னாங்க. இங்கிலாந்தில் 2020 டிசம்பரில் தடுப்பூசி ஆரம்பிச்சப்ப, முதல் வரிசையில் வெச்சது முதியோர் இல்லத்தில் இருக்கிறவங்களையும், அவங்களைப் பார்த்துக்கிற ஊழியர்களையும்தான். வீட்டில் சம்பளமில்லாமப் பார்த்துக்கிறவங்களுக்கும் அந்தப் பட்டியலில் ஆறாவது வரிசையில் இடம் இருந்துச்சு. கனடாவில் முதல் அலையில் இறந்தவங்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதியோர் இல்லங்களில் இருந்தவங்க. அதுக்கு ஒரு காரணம் என்னன்னா, ஒரே ஊழியர் ரெண்டு மூணு இல்லத்தில் மாத்தி மாத்தி வேலை செய்யறாங்க. ஒரு இடத்துச் சம்பளம் பத்தலை, காய்ச்சல்னு லீவு போட்டா கூலி இல்லை. அதனால் அந்த நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஒருத்தர் ஒரு இல்லத்தில் மட்டும்தான் வேலை செய்யணும்னு உத்தரவு போட்டாங்க.

இதைக் கேட்டப்ப எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்துச்சு. நம்ம பொம்பளைங்களும் காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு போறவங்கதானே? அதனால பார்த்துக்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தா அவ பயமில்லாமச் சொல்ற மாதிரி இருக்கணும். அப்பத்தான் படுக்கையில் இருக்கிறவரையும் காப்பாத்த முடியும்.

அந்த மே மாசம்

2021 மே மாசத்தை நம்ம மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டாங்க. மே 10-ல் ஊரடங்கு. மே 24 முதல் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. மாசக் கடைசியில் சென்னையைத் தாண்டி, மாநிலத்திலேயே தினசரித் தொற்று அதிகமான மாவட்டம் கோவைன்னு ஆயிருச்சு. மே 30-ந்தேதி முதலமைச்சரே கவச உடை போட்டுக்கிட்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கொரோனா வார்டுக்குள்ள போய் நோயாளிகளைப் பார்த்தார். கொடிசியா வளாகத்தில் வரிசையாக் கட்டில் போட்டிருந்தாங்க. படுக்கை கிடைக்காம ஆம்புலன்சிலேயே காத்திருந்தவங்க கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

அப்ப மே 17 முதல் வெளியே போக இ-பதிவு கட்டாயம். கல்யாணம், இறப்பு, மருத்துவம் இதோட "முதியோர் தேவை"ன்னும் ஒரு காரணம் அதில் இருந்துச்சு. நம்ம வேலைக்கு அரசாங்கத் தாளில் அப்ப ஒரு இடம் இருந்துச்சு. ஆனா அந்த ஒரு வரி இருக்குதுன்னே நிறையப் பேருக்குத் தெரியலை. எங்க ஊக்குநர் அக்காவின் மகள் காலேஜ் படிச்ச பொண்ணு. அவதான் போனிலேயே எல்லாருக்கும் பதிவு பண்ணிக் கொடுத்தா.

இனி சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. அவ பேரைச் சொல்ல அவங்க குடும்பத்துக்கு இஷ்டமில்லை. அதனால் தங்கச்சின்னே சொல்றேன். வேற குழுவைச் சேர்ந்தவ. அவ மாமியாருக்கு எழுபத்தெட்டு வயசு, சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. மாமியாருக்குத் தொற்று வந்துச்சு. ஆஸ்பத்திரியில் இடமில்லை. ஆக்சிஜன் அளவு 95-க்குக் குறையாம இருந்ததால் வீட்டிலேயே வெச்சுப் பார்க்கச் சொல்லிட்டாங்க. இவதான் பார்த்தா. வீட்டுக்காரரைப் பிள்ளைகளோட பக்கத்து வீட்டு மாடிக்கு அனுப்பிட்டு, இவ மட்டும் அந்த அறையில்.

கூட்டமைப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒரு நோட்டுப் போட்டா. காலை, மத்தியானம், ராத்திரி மூணு வேளையும் காய்ச்சல் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டாங்க. பதினாறு நாள் ஒரு வேளை விடாம எழுதியிருக்கா. மாமியார் பிழைச்சுக்கிட்டாங்க. அவங்க இன்னைக்கும் திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை இடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

தங்கச்சிக்கு ஏழாம் நாளே காய்ச்சல் வந்திருக்கு. "அலுப்பு, தூக்கமில்லை, அதான்"ன்னு சொல்லியிருக்கா. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வேலையைப் பார்த்திருக்கா. மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சு 108-க்குப் போன் பண்ணினப்ப ஆக்சிஜன் 82. ஜூன் முதல் வாரத்தில் போய்ட்டா. முப்பத்தொம்பது வயசு.

அந்த நோட்டைப் பிற்பாடு நான் பார்த்தேனுங்க. பதினாறு பக்கமும் மாமியாரோட கணக்கு. அதே விரல் மாட்டற மிஷின் அதே அறையில், அவ கைக்கு எட்டற தூரத்தில் இருந்துச்சு. அவளோட அளவு ஒரு வேளை கூட அதில் எழுதலை. அவளுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. எல்லாம் தெரியும். "நீ எப்படி இருக்கே? உன் அளவு என்ன?"ன்னு கேட்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் நான் இன்னைக்கு இந்த மேடைக்கு வந்தேன். எவ்வளவு தகவல் கொடுத்தாலும், பார்த்துக்கிறவளைத் தினமும் கேட்கிற ஒரு ஆள் வேணும். அந்த ஆளா நம்ம குழு இருக்க முடியும்.

நாங்க செஞ்சது

அதுக்குப் பிறகு எங்க குழுவில் மூணு விஷயம் ஆரம்பிச்சோம். பெரிய திட்டம் ஒண்ணும் இல்லை.

முதலாவது, ராத்திரி எட்டு மணி போன். ஒருத்தருக்கு ஒருத்தர்னு ஜோடி போட்டோம். எட்டு மணிக்குக் கூப்பிட்டு நாலே கேள்வி. காய்ச்சல் இருக்கா? உன் ஆக்சிஜன் எவ்வளவு? இன்னைக்குச் சாப்பிட்டியா? எத்தனை மணி நேரம் தூங்கினே? நோட்டில் ரெண்டு கட்டம் போடச் சொன்னோம். ஒண்ணு படுத்திருக்கிறவங்களுக்கு, இன்னொண்ணு பார்த்துக்கிறவளுக்கு. ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா அன்னைக்குக் கணக்கு முடியலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது, ஓய்வுக் கூலி. வெளியே வேலைக்குப் போற ஒரு அக்காவுக்கு ஜூன் மாசம் தொற்று வந்துச்சு. 14 நாள் வீட்டிலேயே இருக்கணும். "சொன்னா வேலை போயிரும், வேலை போனா வட்டி கட்ட முடியாது"ன்னு அழுதா. 2020-ல் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப் போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருந்துச்சு. ஆனா வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. 2021-ல் தனியார் நிதி நிறுவனத்து ஆளுங்க வாசலில் வந்து நின்னதெல்லாம் நம்ம எல்லாருக்கும் தெரியும். அதனால் குழுவின் பொது நிதியிலிருந்து ஒரு நாளைக்கு 200 ரூபாய் வீதம் 14 நாளைக்கு 2,800 ரூபாய் கொடுத்தோம். கடனா இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லைன்னு தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டு பேர் முதலில் ஒத்துக்கலை. "எனக்கும் காய்ச்சல் வந்தா கொடுப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. "கொடுப்போம்"னு அதையும் அதே தீர்மானத்தில் எழுதினோம்.

மூணாவது, மாத்து ஆள். பனியன் கம்பெனி மூடி வேலையில்லாம இருந்த ஒரு பொண்ணுக்கு நான் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். ஆளை எப்படித் திருப்பறது, எப்படி மாஸ்க் போடறது, மாத்திரை டப்பாவை எப்படிப் பிரிச்சு வைக்கிறது என்று. அந்த அக்கா படுத்த 14 நாளும் அவ போய்ப் பார்த்தா. பதினஞ்சாம் நாள் வேலை பழைய ஆள்கிட்டயே திரும்பணும்னு முன்னாடியே பேசி வெச்சுட்டோம். வேலையும் போகலை, அந்தப் பெரியவருக்கும் ஒண்ணும் ஆகலை.

தகவல் எங்கிருந்து வருது?

வாட்ஸ்அப்பில் அந்த நாளில் வந்ததையெல்லாம் நினைச்சா இப்ப சிரிப்பு வருது. அப்ப சிரிப்பு வரலை. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கிட்டார். 17-ந்தேதி மாரடைப்பில் இறந்துட்டார். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லைன்னு டாக்டர்கள் அன்னைக்கே சொன்னாங்க. பிற்பாடு மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையேதான் சொல்லுச்சு. ஆனா அந்த வாரத்திலிருந்து நம்ம ஊர் முகாமில் கூட்டம் குறைஞ்சு போச்சு. போய்ச் சொன்னா, "நீ என்ன டாக்டரா?"ம்பாங்க. அப்ப நம்ம கூட்டமைப்பு ஒரு நல்ல வேலை செஞ்சுது. செவிலியர் அம்மா சொல்றதை மட்டும் ஊக்குநர் குரல் பதிவாப் போடுவார், வேற எதையும் யாரும் அனுப்பக் கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க. நம்ம ஊர் ஆள் குரலில் கேட்டப்ப சனங்க நம்பினாங்க. ஊக்குநர்களே முதலில் போய் ஊசி போட்டுக்கிட்டு, அதையும் சொன்னாங்க.

வயசானவங்களைப் பார்த்துக்கிறவங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியதில் சிலதை மட்டும் இங்கே சொல்றேன். இது கொரோனாவுக்கு மட்டும் இல்லை, எந்தச் சளிக் காய்ச்சலுக்கும் ஆகும்.

வயசானவங்களுக்குத் தொற்று வந்தா காய்ச்சல் வந்தே தீரணும்னு இல்லை. திடீர்னு சாப்பாடு வேண்டாம்பாங்க. ஆளைத் தெரியாமப் பேசுவாங்க. எழுந்திரிக்கும்போது விழுவாங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க இன்னைக்கு இப்படின்னா, "வயசாச்சு, அப்படித்தான்"னு விடாம டாக்டர்கிட்டச் சொல்லணும்.

ஆக்சிஜன் பார்க்கும்போது விரலில் மருதாணியோ நகச்சாயமோ இருந்தா அளவு தப்பாக் காட்டலாம். கை சில்லுன்னு இருந்தாலும் அப்படித்தான். கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு, ஒரு நிமிஷம் அசையாம வெச்சுப் பார்க்கணும். 94-க்குக் கீழே போனா காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் வந்த முதல் நாலு நாள் நல்லா இருந்துட்டு, அஞ்சாம் நாளுக்கு மேலே மோசமாகிறதும் உண்டு. அதனால் "இறங்கிருச்சு"ன்னு நோட்டை மூடிராதீங்க.

சர்க்கரை உள்ளவங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை நாமளா வாங்கிக் கொடுக்கவே கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தா, அத்தனை நாளும் சர்க்கரையை அடிக்கடி பார்க்கணும். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தது பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்களுக்குத்தான். ஒரு பக்கம் முகம் வீங்கறது, கண் வலி, மூக்கிலிருந்து கருப்பா வடியறது, இதெல்லாம் பார்த்தா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கபசுரக் குடிநீர் அரசாங்கமே கொடுத்துச்சு, நாங்களும் குடிச்சோம். ஆனா கஷாயம் குடிச்சாச்சுன்னு ஆக்சிஜன் பார்க்காம விடக் கூடாது. ரெண்டும் வேற வேற.

அறை ஜன்னலைத் திறந்து வைங்க. முடிஞ்சா நோயாளியும் மாஸ்க் போடணும், நாமளும் போடணும். தரை கழுவ ப்ளீச்சிங் பவுடர் போடும்போது, கக்கூஸ் கழுவற ஆசிட்டை அதோட கலக்கவே கலக்காதீங்க. அதிலிருந்து வர்ற புகை நுரையீரலைக் கெடுத்துரும். மூடின பாத்ரூமில் அது நமக்குத்தான் ஆபத்து.

படுக்கையில் இருக்கிறவங்களைத் தூக்கும்போது இடுப்பை வளைச்சுத் தூக்காம, முழங்காலை மடக்கி, ஆளை நம்ம உடம்போட ஒட்டி வெச்சுத் தூக்கணும். போர்வையை மடிச்சு அடியில் கொடுத்து ரெண்டு பேராத் திருப்பினா இன்னும் சுலபம். இந்த வேலையில் இருக்கிறவங்க நிறையப் பேருக்கு இடுப்பு போயிருதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

மனசும் உடம்புதானுங்க. நாம பார்த்துக்கிட்ட ஒரு பெரியவர் இறந்து போனா, அவங்க வீட்டுக்கு ஒரம்பரை வந்து துக்கம் கேட்பாங்க. பார்த்துக்கிட்டவளை யாரும் கேட்க மாட்டாங்க. அவ மறுநாள் வேற வீட்டுக்கு வேலைக்குப் போகணும். தூக்கம் வராம, எதிலும் பிடிப்பில்லாம ரெண்டு வாரத்துக்கு மேலே இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண். 2022-ல் ஆரம்பிச்சது, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். வயசானவங்க சம்பந்தப்பட்ட உதவிக்கு 14567. மருத்துவ ஆலோசனைக்கு 104. ஆம்புலன்ஸ் 108. இந்த நாலு எண்ணையும் ஒவ்வொரு குழுவின் தீர்மானப் புத்தக அட்டையிலும் எழுதிருங்க.

நம்மள நம்பி வந்த திட்டம்

2021 ஆகஸ்ட் 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பிச்சாங்க. கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை விட்டவங்க எத்தனையோ பேர். அவங்க வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறதுதான் திட்டம். படுக்கையில் இருக்கிறவங்களுக்கு வலி தணிக்க செவிலியர் வருவாங்க, பிசியோதெரபி செய்யவும் ஆள் வருவாங்க. வீடு வீடாப் போற பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை எங்கிருந்து எடுத்தாங்க? நம்ம சுய உதவிக் குழுக்களிலிருந்து. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைச்சுது. அந்தப் பெருமையில் நம்ம பங்கும் இருக்கு.

நம்ம குழுக்களில் அந்தத் தன்னார்வலரா இருக்கிற தங்கச்சிங்க இங்கே உட்கார்ந்திருக்காங்க. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு பிரஷர் பார்க்கறீங்க? உங்க பிரஷரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க? சிரிக்கறீங்க. சிரிச்சா, பார்க்கலைன்னு அர்த்தம். மிஷின் உங்க பையிலேயே இருக்கு. இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் ஒருத்தருக்கு ஒருத்தர் பார்த்துக்குங்க.

இதெல்லாம் பழைய கதை, கொரோனாதான் போயிருச்சேன்னு சிலர் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அவசர நிலை முடிஞ்சுதுன்னு சொல்லிருச்சு. ஆனா படுக்கையில் இருக்கிறவங்க படுக்கையில்தான் இருக்காங்க. மழைக்காலம் வந்தா டெங்கு, பனிக்காலம் வந்தா சளிக் காய்ச்சல். நோய் வந்த பிறகு ஜோடி போட முடியாது. இப்பவே போட்டு வைக்கணும்.

கேட்கிறது நாலே நாலு

கூட்டமைப்பின் செயற்குழுவுக்கு நாலு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமா எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு. ஒவ்வொரு குழுவிலும் பராமரிப்பாளர் பட்டியல் எழுதணும். வெளியே வேலைக்குப் போறவங்க, வீட்டிலேயே பார்த்துக்கிறவங்க, ரெண்டு பேரும் அதில் வரணும். சம்பளம் வாங்கலைன்னு மருமகளை விட்டுரக் கூடாது.

ரெண்டு. கூட்டமைப்பு அளவில் ஓய்வுக் கூலி நிதி. ஒரு உறுப்பினருக்கு மாதம் 5 ரூபாய் போட்டால் போதும். தொற்று நோய் வந்து வீட்டில் இருக்க வேண்டியவங்களுக்கு 14 நாள் வரைக்கும் கொடுக்கணும். கடனாக் கொடுக்கக் கூடாது.

மூணு. மாத்து ஆள் பட்டியலும், அவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு நாள் பயிற்சியும். செவிலியர் அம்மா வந்து சொல்லிக் கொடுக்கத் தயார்னு என்கிட்டச் சொல்லியிருக்காங்க. மேடையில் வெச்சே சொல்லிட்டேன், இனி மறுக்க முடியாதுங்கம்மா.

நாலு. வெளியே வேலைக்குப் போறவங்க எல்லாரையும் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு பண்ண வைக்கணும். 2007-லிருந்து அந்த வாரியம் இருக்கு. மத்திய அரசின் இ-ஷ்ரம் அட்டையும் எடுக்கணும். அது 2021 ஆகஸ்டில் வந்தது. நாளைக்கு ஒரு காப்பீடோ தடுப்பூசியோ நிவாரணமோ வந்தா, அரசாங்கம் பட்டியலைத்தான் பார்க்கும். போன தடவை நாம எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்த தடவை இருக்கணும்.

1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பிச்சப்ப, ஒருத்தர் வாங்கற கடனுக்கு மத்தவங்க எல்லாரும் பொறுப்புன்னு சொன்னப்ப யாரும் நம்பலையாம். அடுத்தவ கடனுக்கு நான் ஏன் பொறுப்பாகணும்னு கேட்டிருப்பாங்க. இன்னைக்கு அது நமக்குச் சாதாரணமாயிருச்சு. தவணைக்காக ஒருத்தி வீட்டுக்கு நாலு தடவை போய் நிக்கத் தெரிஞ்ச நமக்கு, அவ உடம்புக்காக ஒரு போன் பண்ணத் தெரியாதா என்ன?

இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு, உங்க குழுவில் வயசானவங்களைப் பார்த்துக்கிற ஒருத்திக்குக் கூப்பிடுங்க. அவங்க மாமியார் எப்படி இருக்காங்கன்னு ரெண்டாவதாக் கேளுங்க. அவ எப்படி இருக்கான்னு முதலில் கேளுங்க.